அரைப்பேர், முழுப்பேர், பேர் விழாதவர்கள்

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு 'பேர்' என்றுதான் பெயர். "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, செக்ரோலில் எத்தனை நாள் விழுந்திருக்கு என்று கேட்கிறார்கள். குறித்த கிலோ கொழுந்தை எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ஹாலிஎலயிலோ பசறையிலோ நமுனுகுலையிலோ வளர்ந்தவர்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காக எழுதி வைக்கிறோம், ஏனென்றால் இனி சொல்லப்போறது முழுக்க இந்தச் சொல்லைச் சுற்றித்தான் வரும்.

ஓட்டிசம் உள்ள இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஊவாத் தோட்டங்களில் என்ன வேலை இருக்கு? சமூக தொழில்முயற்சி பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் "அவங்களுக்குப் பயிற்சி குடுக்கணும்" என்ற இடத்தில்தான் தொடங்குது. நாங்கள் மற்றப் பக்கமிருந்து பார்க்கிறோம். இந்த மலைகளில் எதை வேலை என்று எண்ணினார்கள்? யாரை எண்ணினார்கள்?

1927இல் வந்த இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி என்று மூன்றாகப் பிரித்தது. சிறுவருக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது, கவனியுங்கள். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வந்தபோது, சம்பளத்தோடு சேர்த்து கிலோவையும் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. ஆட்சியும் முதலாளியும் மாறினாலும் தராசு அப்படியேதான் தொங்குது.

அந்தத் தராசுக்கு ஒரே வேகம்தான் தெரியும். விடிய பிரட்டுக்குப் போகணும், சத்தமாகக் கொடுக்கும் கட்டளையை உடனே பிடிச்சுக்கணும், நிரையில் பக்கத்து ஆளோட ஈடுகொடுத்து நகரணும். இதில் ஏதோ ஒன்று முடியாதவருக்கு அரைப்பேர்கூட விழாது. 'ஓட்டிசம்' என்ற சொல் லயத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே அப்படிப்பட்ட பிள்ளைகள் அங்கே இருந்திருப்பார்கள். ஹேமமாலி பெரேரா குழுவினர் செய்து 2009இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று, குழந்தைகளில் 93க்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. ஓர் அரை நகர்ப்புறப் பகுதியின் கணக்கு அது. பதுளை மலைகளுக்கு மட்டும் இல்லாமல் போவதற்குக் காரணம் எதுவுமில்லை. இங்கே அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் 'பேச்சு வராதவன்', 'ஒரு மாதிரியான புள்ள' என்ற அடையாளங்கள்தான்.

பிள்ளை மடுவம் ஐந்து வயதுவரை பார்த்துக்கொள்ளும். அதுக்கப்புறம் பாடசாலையும் சரிவரவில்லை என்றால் யார் பார்ப்பது? அம்மா மலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பாள். அவளுடைய பேரும் விழாது. ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்பது அந்த வீட்டில் இரண்டு சம்பளக் குறைவு. இதை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

இப்போ கொஞ்சம் தூரமாகப் போவோம். ஓட்டிசத்தின் எழுதப்பட்ட வரலாறே ஒரு தோட்டக்காட்டுக் கதையை வைத்திருக்கு. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக அடையாளம் காட்டிய கட்டுரை அது. அதில் முதல் பிள்ளை மிசிசிப்பியைச் சேர்ந்த டொனால்ட் ட்ரிப்லெட். எண்களில் மூழ்கியிருந்த பையன். கண்டதையெல்லாம் அளப்பான், எண்ணுவான்.

1942இல் பெற்றோர் அவனை வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். 1945இல் கானர் அங்கே போய்ப் பார்த்து அசந்துவிட்டார். அந்தத் தம்பதி பையனின் பழக்கங்களை அடக்கப் பார்க்கவில்லை. அவற்றுக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார்கள். அளந்துகொண்டே இருக்கிறானா? கிணறு வெட்டி எவ்வளவு ஆழம் என்று சொல்லட்டும். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறானா? சரி, உழுதுகொண்டே எண்ணட்டும். கானர் பார்த்துக்கொண்டிருக்க, குதிரையைத் திருப்பித் திருப்பி ஆறு நீண்ட வரிசைகளை உழுது காட்டினான் பையன்.

1971இல் கானர் அந்த 11 பேரையும் தேடிப் போனார். டொனால்ட் வங்கியில் காசாளர். இன்னொருவர் ஓர் அலுவலகத்தில் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பெரிய அரசு மருத்துவமனைகளில் கொண்டுபோய் விடப்பட்டவர்களோ, சின்ன வயதில் இருந்த திறமையையும் இழந்து அடங்கிப்போயிருந்தார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லணும்: டொனால்டின் அம்மா வீட்டார் அந்த வங்கியின் சொந்தக்காரர்கள். எல்லாருக்கும் வங்கி வைத்திருக்கிற தாத்தா கிடைக்க மாட்டார். ஆனால் உழுதுகொண்டே எண்ணச் சொன்னவர்கள் வங்கிக்காரர்கள் இல்லை, சாதாரண விவசாயிகள். டொனால்ட் 2023இல், 89 வயதில் காலமானார்.

அந்தத் தம்பதி செய்ததை நிறுவனமாகச் செய்தவர்கள் பிறகு வந்தார்கள். 2004இல் டென்மார்க்கில் தோர்கில் சோனே, தன் மகனுக்கு ஓட்டிசம் என்று தெரிந்த பிறகு, ஓட்டிசம் உள்ளவர்களை வைத்து மென்பொருள் சோதிக்கும் ஸ்பெசலிஸ்டெர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நல்ல முயற்சிதான், ஆனால் ஓட்டிசம் என்றாலே கணினிப் புலி என்ற இன்னொரு மூடநம்பிக்கைக்கும் இப்படியான கதைகள் தீனி போட்டன. எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மிட்டி கஃபே. 2017இல் கர்நாடகத்தின் ஹுப்ளியில் அலினா ஆலம் தொடங்கியது. பலவகை மாற்றுத்திறன் உள்ளவர்கள் அங்கே தேநீர் போட்டு, பரிமாறி, சம்பளம் வாங்குகிறார்கள். 2023இல் இந்திய உச்ச நீதிமன்ற வளாகத்திலும் ஒரு கிளை திறந்தது.

இலங்கைச் சட்டத்தில் இதுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் 3 சதவீத வெற்றிடங்களை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கணும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் தேவையான தகைமை இருக்கணும், குறைபாடு வேலைக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்று அதே சுற்றறிக்கை சொல்லுது. கதவைத் திறந்து, கையோடு பூட்டையும் போட்டாச்சு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்லுது. தோட்டத்தில் பாகுபாட்டை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை, கிலோவே சொல்லிவிடும்.

அப்போ கிலோவை விட்டுப் பிழைக்க முடியுமா? ஊவாவுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது கொழுந்து குறையும், வாசம் கூடும், அந்தத் தேயிலைக்கு நல்ல விலை வரும். நிறைய இருப்பதுதான் நிறைய காசு என்பது பொய் என்று இந்த மலைகளே வருஷாவருஷம் காட்டுது. பண்டாரவளைக்குக் கிட்ட அம்படன்தேகமவில் உள்ள அம்பா தோட்டம் இதை வைத்தே நடக்குது: கையால் உருட்டிய தேயிலை, நல்ல விலை, வருமானத்தில் 10 சதவீதம் வேலை செய்கிறவர்களுக்குப் பங்கு. அது ஓட்டிசத்துக்கான முயற்சி இல்லை. ஆனால் மெதுவான, கவனமான கைகளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு வழி இருக்கு என்பதை இதே பதுளை மாவட்டத்தில் நாங்கள் பார்க்கிறோம்.

அப்படியான வேலைகள் தேயிலையில் நிறையவே உண்டு. தவறணையில் பைக்கு மண் நிரப்புவது, ஒரு இலையும் ஒரு கணுவும் வரும்படி துண்டு வெட்டி நடுவது, சலித்த தேயிலையில் குச்சியும் நாரும் பொறுக்குவது, 50 கிராம் பைகளை நிறுத்து ஒட்டுவது. சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்குச் சலித்துப்போகும். ஓட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே அச்சில்லை. தொழிற்சாலையின் இரைச்சல் பலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும், ஆகவே உருட்டும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் அவர்களை உட்கார வைத்துவிட்டு "வேலைக்கு லாயக்கில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. இன்றைக்கு என்ன வேலை, எந்த வரிசையில், எப்போ முடியும் என்று படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் பாதிப் பதற்றம் போய்விடும். அதுக்கு ஆகும் செலவு ஒரு அட்டைத்தாள்.

யாராவது ஊவாவில் இப்படி ஒன்றைத் தொடங்கினால் முதலில் விளம்பரப் படத்தைப் பார்க்க மாட்டோம். அங்கே வேலை செய்கிறவருக்குக் கொடுப்பது 'பயிற்சிப் படி'யா, சம்பளமா? ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கா? நன்கொடை நின்றால் தேயிலை விற்ற காசில் ஆறு மாதம் ஓட முடியுமா? லுணுகலைப் பக்கத்து மேற்பிரிவிலிருந்து ஒரு பையன் தினமும் எந்த பஸ்ஸில் வருவான், கூட யார் வருவார்? அந்த மாதம் அவன் அம்மா மலைக்குப் போனாளா, எத்தனை பேர் விழுந்தது?