நினைவிழந்த துரூயித்: ஒரு சித்திரக்கதையும் எழுதப்படாத அறிவும்

ரெனே கொசினி எழுத, ஆல்பேர் உதெர்சோ வரைந்த 'ஆஸ்டெரிக்ஸ்' 1959இல் பிலோத் இதழில் தொடங்கியது. அதில் வரும் முதிய மந்திரவாதி பனோராமிக்ஸ் ஒரு துணைப்பாத்திரமே. ஆயினும் உரோமரை எதிர்த்து நிற்கும் சிற்றூரின் வலிமை முழுவதும் அவருடைய கொப்பரையில்தான் கொதிக்கிறது. 1966இல் நூலாக வெளிவந்த 'தலைவர்களின் போர்' கதையில் இந்த ஏற்பாடு குலைகிறது. அவரைக் காப்பாற்ற ஓபெலிக்ஸ் எறிந்த நெடுங்கல் அவர்மீதே விழ, நினைவு தப்பிய கிழவர் கண்டதையும் கலந்து காய்ச்சத் தொடங்குகிறார்.

நகைச்சுவைக்காகப் புனையப்பட்ட இக்காட்சியின் அடியில் வரலாறு உண்டு. துரூயித்துகள் என்போர் பண்டைய கால் நாட்டின் குருமார். வெண்ணிற ஆடை அணிந்து, மரமேறிப் பொன் அரிவாளால் புல்லுருவி அறுக்கும் துரூயித்தை மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில் காட்டுகிறார். பனோராமிக்ஸின் தோற்றம் அங்கிருந்தே வருகிறது. அவர்களுள் சிலர் 20 ஆண்டுகள் வரை பயின்றனர் என்றும், பாடங்களை எழுத்தில் வைப்பதைத் தகாததாகக் கருதினர் என்றும் ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். பிற அலுவல்களுக்கு அவர்கள் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினர். எனவே காரணம் எழுத்தறியாமை அன்று. அறிவு பொதுமக்களிடம் பரவலாகாது. எழுத்தை நம்பி மாணவர் நினைவாற்றலைத் தளரவிட மாட்டார்கள்: சீசர் ஊகிக்கும் காரணங்கள் இவ்விரண்டும். நினைவைக் காக்க எழுத்தை விலக்கிய மரபின் வாரிசு, ஒரே அடியில் நினைவையே இழப்பதுதான் கதையின் முரண். பானத்தின் செய்முறையும் வாய்வழியாக மட்டுமே வருவது. அவர் மறந்தால் ஊரே மறந்ததாகும்.

'துரூயித்' என்னும் சொல்லின் பிற்பகுதியை, அறிதலைக் குறிக்கும் வேரோடு மொழியியலாளர் பலர் இணைக்கின்றனர். வடமொழியின் 'வித்', 'வேதம்' ஆகியவை பிறந்த வேரும் அதுவே. வேதமும் வாய்மொழியாகவே காக்கப்பட்டது. ஆனால் அதை ஓதுவோர் தொடர்ச்சி அறவில்லை. கால் நாட்டிலோ அறுந்தது. பேரரசர் கிளாடியஸ் துரூயித்துகளின் சமயத்தை ஒடுக்கியதாகச் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார். காலிய மொழியும் பின்னர் வழக்கொழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கல்வெட்டுகளும், 1897இல் கொலிஞியில் கிடைத்த வெண்கல நாட்காட்டி போன்ற சிதறல்களுமே. துரூயித்துகள் கற்பித்ததை அறியப் பகைவர் எழுத்தையே நாட வேண்டியிருக்கிறது.

வங்காள மொழிபெயர்ப்பில் பனோராமிக்ஸின் பெயர் 'ஏட்டாசேட்டாமிக்ஸ்'. அதாவது இதையும் அதையும் கலப்பவர். நினைவிழந்த கிழவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

கதையில் அவர் தேறிவிடுகிறார். ஊர்த்தலைவரோ அதற்குள் பானமின்றியே போட்டியில் இறங்கி, களத்தைச் சுற்றி ஓடியோடி எதிரியைக் களைப்படையச் செய்துவிடுகிறார். மருந்து இல்லாமலும் ஊர் ஒருநாள் தப்பலாம். செய்முறை அறிந்த கடைசி மனிதரும் போனபின் அதை மீட்க இன்னொரு நெடுங்கல் உதவாது. கடைசிப் பேச்சாளர்களை நாடிச் செல்லும் மொழி ஆவணப்பணியின் அவசரம் இதுவே.