தோட்டத்துப் பள்ளியும் பட்டணத்துப் பள்ளியும்

மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழருக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே மலாயாவில், அதே தமிழைப் பேசிய யாழ்ப்பாணத்தார் பிள்ளைகள் பலர் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களானார்கள். நாட்டம் ஒரு சாராருக்கு மட்டும் வாய்த்தது எப்படி?

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிஷனரிகள் பள்ளிகள் நடத்தினர். அந்த மரபில் படித்துக் கப்பலேறியவர்கள் ஆங்கிலத்தைக் கையோடு கொண்டுவந்தனர். தமக்குச் சோறிட்ட மொழியையே மக்களுக்கும் தேடினர். தோட்டத் தொழிலாளியோ கங்காணியின் பின்னால் வந்தவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது, பல இடங்களில் ஆசிரியராக அமர்ந்தவர் கங்காணி அல்லது தோட்டத்துக் கிராணி! பிள்ளையின் கூலியும் சேர்ந்தால்தான் உலை கொதிக்கும். படித்து முடித்தாலும் தமிழில் இடைநிலைப் பள்ளி கிடையாது. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது, கட்டணமும் கேட்டது. இந்நிலையில் பெற்றோர் எதைத்தான் தேர்ந்தெடுப்பர்?

மண்ணின் மக்களான மலாய்க்காரர் நிலையும் வியப்பானதே. கிராமத்து மலாய்ப் பள்ளி இலவசம். ஆங்கிலப் பள்ளிகளில் பல கிறித்தவ சபைகளுடையவை. பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சினர். இந்த அச்சத்தையே முழுக் காரணமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். மீனவன் மகனைத் தந்தையினும் விவரமறிந்த மீனவனாக்குவதே நோக்கம் என்று 1920இல் எழுதியவர், கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல். பிரபுக்களின் மைந்தர்களுக்கோ, ஆங்கிலம் வழியே அரசுப் பதவிக்குச் செல்ல, 1905இலேயே கோலகங்சாரில் கல்லூரி திறந்தாயிற்று. ஆக, கோடு குடியேறியவருக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையில் மட்டும் விழவில்லை.

தமிழ் கற்பிப்பவனாகிய எனக்கு இதைச் சொல்லக் கூச்சந்தான்: அங்கே தாய்மொழிக் கல்வி மொழிப்பற்றால் அளிக்கப்பட்டதன்று. பிள்ளையைத் தோட்டத்திலும் வயலிலுமே நிறுத்திவைக்க அது மலிவான வழி.

1957 விடுதலைக்குப் பின் மலாய்ப் பள்ளிக்கு மேற்படிகள் கட்டப்பட்டன. மலாய்வழிப் பல்கலைக்கழகமாகவே 1970இல் தேசியப் பல்கலைக்கழகம் எழுந்தது. தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றது. அங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவர்களில் மலாய் போதாதோர், புகுமுக வகுப்பு என்ற பெயரில் ஓராண்டு கூடுதலாகப் படித்தனர்.