தோட்டப் பள்ளிக்கூடத்திற்கு யார் பொறுப்பு?

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான இடத்தில் வேறு புகையிரத நிலையம் இல்லை. சற்றுத் தொலைவில் ஒரு சுரங்கம். அதற்கு அப்பால் ஊவா. சில ஆண்டுகளுக்கு முன்னர் மார்கழிக் குளிரில், தாமதமாகிவிட்ட பதுளை வண்டிக்காக அங்கே காத்திருந்தபோது, ஒஹியப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு தொழிலாளி என்னுடன் பேச்சுக் கொடுத்தார். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் கையிலிருந்த புத்தம் புதிய சீ.ஆர். கொப்பியைக் காட்டினார்.

"ஐயா, பள்ளிக்கூடச் சங்கத்துல என்னையச் செயலாளர்னு பேர் போட்டுட்டாங்க. என்னா செய்யணும்னு ஒருத்தரும் சொல்லல. நீங்க சொல்லுவீங்களா?"

செயலாளர் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி ஒரு தோட்டத் தொழிலாளியின் வாய்க்கு வந்து சேர ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. பிள்ளைகளுக்கென ஓர் அறையை ஒதுக்கிப் பழுதுபார்த்து வைக்க வேண்டியவரும் அவரே. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு லயத்து அறை அல்லது இஸ்தோப்பு. பாடம் சொல்பவர் பல இடங்களில் கணக்கப்பிள்ளை வேலையையும் பார்த்தார். சட்டத்தின் வாசகங்களில் துரை இருந்தார், அரசாங்கம் இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோரை எங்கேயும் கலந்து கேட்கவில்லை. அவர்கள் பெரட்டுக்களத்தில் எண்ணப்படுபவர்கள், அவ்வளவுதான்.

இதே காலத்து யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு விளங்கும். அங்கே மிஷன் பாடசாலைகளுக்கு எதிர்வினையாகச் சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களை நடத்தியது. 'முகாமையாளர்' என்ற சொல்லுக்கு அங்கே பெரும் மதிப்பு இருந்தது. ஆசிரியரை நியமிப்பது, அரசாங்க உதவிப் பணத்தைப் பெறுவது, கட்டடத்துக்கு நிதி திரட்டுவது எல்லாம் அவர் கையில். அந்த முகாமைக்குள் சாதி புகுந்து செய்த அநியாயங்கள் தனிக்கதை. ஆயினும் முகாமையாளர் அந்தச் சமூகத்து மனிதர். கோயில் வீதியில் வழிமறித்துக் கேள்வி கேட்கலாம். மலையகத்தில் முகாமையாளரும் முதலாளியும் ஒருவரே. கொழுந்துக்குக் கூலி கொடுப்பவரிடம் போய்ப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று யார் சொல்வது?

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதன் பந்தியில் ஓரத்தில்கூட உட்காரவில்லை எனலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பெற்றோரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்த நாடாளுமன்ற உறுப்பினர் கவலைப்படுவார்? 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கி, யாழ்ப்பாணத்து முகாமையாளர்களையும் மிஷன் முகாமையாளர்களையும் ஒருசேர வீட்டுக்கு அனுப்பின. தோட்டப் பாடசாலைகள் மட்டும் துரையிடமே விடப்பட்டன. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. நாளை யார் இருப்பார், யார் கப்பலேறுவார் என்று தெரியாத லயத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சங்கம் அமைக்க யாருக்கு மனம் வரும்?

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. அதன் பின்னர், 1977 முதல் கட்டங் கட்டமாகத் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1907இலிருந்து கணக்கிட்டால் எழுபது ஆண்டுகள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் அரசின் சீடா உதவியுடன் புதிய வகுப்பறைகள் எழுந்தபோது, பெற்றோர் கல் சுமந்தார்கள், மண் வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தின் பொருட்டு அவர்களுக்கு முதலில் கிடைத்த பொறுப்பு சிரமதானந்தான் என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். பேசும் பொறுப்பு அதற்குப் பிறகே வந்தது.

இன்று அந்தப் பொறுப்பு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் உறுப்பினர்கள். பதவிவழித் தலைவர் அதிபர். ஆண்டுப் பொதுக்கூட்டம் செயற்குழுவைத் தெரிவு செய்யும். 1993ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தால் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் என்றொரு ஏற்பாடும் வந்தது. அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் அபிவிருத்திக் குழுக்களைக் கொண்டுவந்தது. சட்டமும் சுற்றறிக்கையும் மாறினாலும் தலைவர் நாற்காலியில் அதிபரே அமர்ந்திருக்கிறார்.

அதனால்தான் செயலாளர் பதவி முக்கியமாகிறது. கூட்டத்துக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுப்பதும், பேசப்பட்டதை எழுதுவதும், அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து உறுதிப்படுத்துவதும் அவர் வேலை. பொருளாளர் வரவு செலவைக் காட்ட வேண்டும். செயற்குழு உறுப்பினர் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். பலரும் இதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்: எழுதப்படாத பேச்சு நடக்காத பேச்சுதான். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று ஒரு தாய் கூட்டத்தில் அழுதால், அவளோடு இன்னும் நான்கு பேர் அழுவார்கள். அதுவே திகதியோடு குறிப்பேட்டில் ஏறி உறுதிப்படுத்தப்பட்டால், வலயக் கல்விப் பணிப்பாளர் பதில் சொல்ல வேண்டிய விடயமாகிவிடும்.

ஆனால் கூட்டத்துக்கு வருவதற்கே ஒரு விலை இருக்கிறது. ஆசிரியர்களில் பலர் தொலைவிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். பிற்பகல் பஸ்ஸைத் தவறவிட்டால் அவர்களுக்கு வழியில்லை. ஆகவே கூட்டம் பாடசாலை நேரத்திலேயே வைக்கப்படுகிறது. அந்த நேரத்தில் தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். இறங்கி வந்தால் அரைப்பேர்தான். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது, அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் இவர்கள். அதில் பாதியை ஒரு கூட்டத்துக்காக விட்டுவிட்டு வா என்பது எளிய வேண்டுகோள் அன்று. 'தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை' என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுபவர்கள் (ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன்) இந்த அரைப்பேரைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறினார்கள். டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் பலர். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் குழுவின் தலைவரே ஒரு மாணவரின் தாய்தான். ஆக, ஒரே லயத்திலிருந்து பிரிந்த இரு குடும்பங்களில், கூடலூர்க் கிளையின் மருமகள் பள்ளிக் குழுவின் தலைவியாகலாம். பட்டிப்பொலைக்குக் கீழே தங்கிவிட்ட கிளையின் மருமகள் தலைவியாக முடியாது. கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படும் தலைவிகள் அங்கே உண்டு என்பது நான் அறியாததல்ல. ஆனாலும் நாற்காலி அவளுடையது; என்றாவது ஒருநாள் அதில் அமர்ந்து அவள் கேள்வி கேட்கலாம்.

இவற்றையெல்லாம் அந்தக் குளிரில் அவரிடம் நான் சொல்லவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் திகதி, இடம், நேரம், வந்தோர் எண்ணிக்கை, முன்கூட்ட அறிக்கை, தீர்மானங்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று தலைப்புகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். 'வந்தோர்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"வராதவங்க ஏன் வரலன்னு எழுதலாங்களா?"

"எழுதலாம்."

"கூட்டத்தை ஞாயித்துக்கெழம வைக்கணும்னு நானே முன்மொழியலாமா, செயலாளரா இருந்துக்கிட்டு?"

உறுப்பினர் என்ற முறையில் தாராளமாக முன்மொழியலாம், வழிமொழிய மட்டும் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "எங்க வீட்டுக்காரி இருக்கா" என்று சொல்லிக் கொப்பியைக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பதுளை வண்டி வந்துகொண்டிருந்தது.