தொப்பி எங்கே போச்சு?

போன மாசம் உழவர்கரையில நம்ம ரூம்லயே ஒரு மிருதங்க வித்வானை உட்கார வெச்சு ரெக்கார்ட் பண்ணோம். நாலு மைக்: பேச ரெண்டு, மிருதங்கத்துக்கு ரெண்டு. தலைக்கு மேல ஃபேன், வெளியே பஸ். அந்த உறுமல் ஒவ்வொரு ட்ராக்லயும் கொஞ்சம்தான். நாலையும் சேர்த்தா ஒரே மூட்டம். எல்லாத்துலயும் ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டு 150 ஹெர்ட்ஸ்ல வெச்சேன். அதுக்குக் கீழே இருக்கிற சத்தம் இறங்கிடும். பளிச்சுனு ஆச்சு. அவர் கேட்டுட்டு ஒண்ணுதான் சொன்னார்: "தம்பி, தொப்பி எங்க?"

தொப்பின்னா மிருதங்கத்தோட இடது பக்கம். ரவையைக் குழைச்சு அப்பி வாசிப்பாங்க. அடிவயித்துல கேக்குற அந்தக் கும்கி அங்கிருந்துதான் வருது.

அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு. 1902-ல் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. ஒரு கூம்புக்குள்ள பாடணும். சத்தத்தோட பலமே ஊசியை அசைச்சு மெழுகுல கீறும். சுமார் 170 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை அந்தக் கூம்பு அநேகமாகப் பிடிக்கவே இல்லை. யாரும் ஆன் பண்ணாத ஹை-பாஸ் ஃபில்டர் அது! பழைய இசைத்தட்டுகளில் தாளவாத்தியம் வெறும் தட்டல் மாதிரி கேக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். 1925-ல் மைக்கோடு மின்சாரப் பதிவு வந்த பிறகுதான் கீழ்ச் சத்தம் ஓரளவு தட்டுல ஏறுச்சு.

வேணும்னே வெட்டுற ஃபில்டர் தொலைபேசிக்காகப் பிறந்தது. 1915 வாக்கில் அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்ப்பெல், ஜெர்மனியில் கார்ல் வாக்னர் இருவரும் தனித்தனியாக அதை உருவாக்கினார்கள். ஒரே கம்பியில பல பேச்சு போகணும்னா ஒவ்வொண்ணுக்கும் அளவான இடம்தான் கொடுக்க முடியும். பின்னால் அது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை என்று நிலைத்தது. ஆண் குரலோட அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100-லிருந்து 150-க்குள்ள. அதாவது அந்த அளவுக்குள்ள ஓடுற போன்ல அது வர்றதே இல்லை! ஆனாலும் அப்பா குரல் அப்பா குரலாத்தான் கேக்குது. மேலே இருக்கிற ஹார்மானிக்ஸை வெச்சு, கீழே விட்டுப்போனதை மூளையே நிரப்பிக்குது.

தொப்பிக்கு அந்தச் சலுகை குறைவு. அடியோட கனமே கீழேதான் இருக்கு.

நல்லவேளை, ஒரிஜினல் ஃபைலை நான் தொடல. பேச்சு மைக் ரெண்டும் 90, வலந்தலை 100, தொப்பி 35-னு மாத்தினேன். அவர் பேசும்போது தொப்பி மைக்கை மூடிட்டேன். ஃபில்டர் சுவர் இல்ல, சரிவு. ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரிவுல 90-ல வெச்சா, 45 ஹெர்ட்ஸ்ல இருக்கிற உறுமல் சுமார் 12 டெசிபெல் குறையும், காணாமப் போகாது. மிச்சத்தை ஃபேன் ஸ்விட்சுதான் தீர்க்கணும்.

கூம்புக்கு வேற வழி இல்லை. தொலைபேசிக்குக் கம்பி பத்தல. எனக்கு ரெண்டு நெருக்கடியும் கிடையாது. நாலு ட்ராக்குக்கும் ஒரே நம்பர் போட்டது வெறும் சோம்பேறித்தனம். அடுத்த வாரம் பார்ப்போம்.