கடை முகப்புல பூச்சு உதிருதா? பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் வழியில் இருக்கிறது திருவரங்குளம். சோழர் காலத்து அரங்குளநாதர் கோயில்தான் ஊருக்கு அடையாளம். தமிழ்நாட்டுக் கோயில்களில் பொதுவாக 12 வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்துறது வழக்கம். அதுக்கு முன்னாடி திருப்பணி நடக்கும். சாரம் கட்டி ஏறுவாங்க. கோபுரத்துல முளைச்ச செடியைப் பிடுங்குவாங்க. விரிசலை அடைச்சு, உடைஞ்ச சுதைச் சிற்பங்களைச் சரிசெய்வாங்க. வர்ணம் கடைசியாத்தான் வரும்.

அதே ஊர் கடைவீதிகளில் என்ன நடக்குது? தீபாவளி நெருங்கினதும் முகப்புக்கு ஒரு கோட் பெயின்ட். அடுத்த மாசமே வடகிழக்குப் பருவமழை. பொங்கலுக்குள்ள பெயின்ட் கொப்பளிச்சு, பூச்சு பொருக்குப் பொருக்கா விழ ஆரம்பிச்சுடும். உடனே பெயின்ட் கம்பெனியைத் திட்டுவோம். ஆனா, உண்மையான வில்லன் பெரும்பாலும் பெயின்ட் இல்லைங்க, சுவத்துக்குள்ள புகுந்த தண்ணி!

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. கடை வாசல்ல கஸ்டமர் நிப்பாங்க, பஸ்ஸுக்குக் காத்திருப்பாங்க, பைக் நிறுத்துவாங்க. முதல் மாடியிலிருந்து ஒரு கைப்பிடி அளவு பூச்சு பெயர்ந்து தலையில விழுந்தாலே ஆபத்து. உங்க வீட்டுக்குச் சொந்தமா ஒரு கடை இருந்தாலும் சரி, நீங்களே வாடகைக்கு எடுத்து கஃபே, மொபைல் ஷாப் வெச்சிருந்தாலும் சரி, இது உங்களுக்குத்தான்.

முதல்ல, எந்தப் பூச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க!

யாருக்கும் தெரியாத ஒரு மூலையில சாவியால லேசா கீறிப் பாருங்க. வெள்ளையா, மாவு மாதிரி உதிர்ந்தா பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு. சாம்பல் நிறத்துல, கீறவே கஷ்டமா இருந்தா சிமென்ட் பூச்சு. சுதந்திரத்துக்கு முன்னாடி கட்டின கட்டடம்னா சுண்ணாம்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

செட்டிநாட்டு வீடுகளின் வழவழ சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போனவை. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல, கடியாபட்டியில இருக்கிற சிதம்பர விலாஸ் இப்போ ஹெரிட்டேஜ் ஹோட்டலா இயங்குது. பழைய கட்டடத்தைப் பராமரிச்சா அதுவே வருமானம் தரும் என்பதற்கு இது பக்கத்திலேயே இருக்கிற உதாரணம்.

சுண்ணாம்பு, காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கிட்டு மெதுவா மறுபடியும் கல்லா மாறுற பொருள். அதுல நுண்துளைகள் அதிகம். உள்ளே போன ஈரம் வெளியே வந்து காஞ்சுடும். சிமென்ட் இறுக்கமானது. பழைய சுண்ணாம்புச் சுவத்து மேல 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்'னு சிமென்ட் பூசினா, ஈரம் வெளியேற வழியில்லாம உள்ளேயே தங்கும். உப்பு பூக்கும். கடைசியில சிமென்ட் பூச்சு தனியா விழாது, பழைய செங்கல்லோட முகத்தையும் சேர்த்துப் பேத்துக்கிட்டு விழும். அதனால சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, சிமென்ட்டுக்கு சிமென்ட்.

தண்ணி வெளியேற வழி இல்லாட்டி என்ன ஆகும்கிறதுக்கு அமெரிக்காவுலயும் கதை இருக்கு. 1990களில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரத்துல, தெர்மகோல் மாதிரியான பலகை மேல செயற்கைப் பூச்சு பூசின வீடுகள் வெளியே பளபளன்னு இருந்தன. ஜன்னல் ஓரமா புகுந்த தண்ணி வெளியே வர முடியாம, உள்ளே இருந்த மரச்சட்டங்கள் உளுத்துப்போய், விவகாரம் கோர்ட் வரை போச்சு.

தண்ணி எங்கே புகுது?

கடைக் கட்டடங்களுக்குன்னே சில ஸ்பெஷல் ஓட்டைகள் இருக்கு.

* போர்டு: ஒவ்வொரு வாடகைதாரரும் பெயர்ப் பலகைக்குத் துளை போடுவாங்க, காலி பண்ணும்போது அடைக்க மாட்டாங்க. போர்டுக்குப் பின்னாடி இருக்கிற சுவத்தை யாரும் பார்க்கிறதே இல்லை.
* ஏசி: வெளி யூனிட்டின் பிராக்கெட் துளை ஒண்ணு. நாள் முழுக்க ஒரே இடத்துல சொட்டுற ஏசி தண்ணி இன்னொண்ணு. மழைக்காலம் முடிஞ்சாலும் இது நிக்காது.
* மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்: மேல்பக்கம் தட்டையா இருந்தா தண்ணி தேங்கும். உள்பக்கமா, அதாவது மாடியைப் பார்த்து, சரிவு இருக்கணும்.
* சன்ஷேட்: அடிப்பக்க ஓரத்துல தண்ணி சொட்டி விழுறதுக்கு ஒரு காடி இருக்கணும். இல்லாட்டி தண்ணி அப்படியே திரும்பி சுவத்துல வழியும்.
* அரசங்கன்று: மேலே வெட்டிவிட்டா மறுபடி துளிர்க்கும். வேரோட எடுத்து, அந்த இடத்தை அடைக்கணும்.

2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல் நம்ம மாவட்டத்தை எப்படிப் புரட்டிப் போட்டதுன்னு மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரிக் காத்துல மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டுல வந்து சுவத்துல அறையும். சாதாரண மழையில தெரியாத ஓட்டைகூட அப்போ தெரிஞ்சுடும்.

பத்து நிமிஷ செக்கப்!

தெருவுல நின்னு முகப்பை முழுசா ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் போனை ஜூம் பண்ணி கைப்பிடிச் சுவர், சன்ஷேட், ஜன்னல் ஓரம்னு தனித்தனியா எடுங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை அதே இடத்துல நின்னு எடுத்தா, மாற்றம் பளிச்னு தெரியும்.

கைக்கு எட்டுற இடத்துல ஒரு மரக்கட்டையால தட்டுங்க. திடமான சத்தம் வந்தா ஓகே. உள்ளே காலியா இருக்கிற மாதிரி சத்தம் வந்தா, பூச்சு சுவத்தை விட்டுடுச்சுன்னு அர்த்தம். அந்த இடம் வாசலுக்கு மேலேயா? இன்னிக்கே கீழே தடுப்பு வைங்க.

விரிசல் இருந்தா ரெண்டு முனையிலும் பென்சிலால கோடு போட்டு, தேதி எழுதுங்க. கோட்டைத் தாண்டி வளர்ந்தா அது உயிரோட இருக்கிற விரிசல். மூலையிலிருந்து சாய்வா ஓடுறது, செங்கல் வரிசைப்படி படிக்கட்டு மாதிரி இறங்குறது, துருக்கறையோட கான்கிரீட் வீங்குறது... இந்த மூணும் கொத்தனார் வேலை இல்லை, இன்ஜினீயரைக் கூப்பிடுங்க. ஏணி போட்டு நீங்களே ஏறாதீங்க. முகப்புக்குப் பக்கத்துல கரன்ட் கம்பி போகலாம்.

ரிப்பேர் பண்ணும்போது...

தலைமுடி மாதிரி மெல்லிய விரிசலுக்கு கிராக் ஃபில்லர் போதும். அதைவிடப் பெரிசுன்னா, விரிசலை 'வி' வடிவத்துல அகலப்படுத்தி, தூசி தட்டி, ஈரப்படுத்தி அடைக்கணும். தூண், பீம் கான்கிரீட்டும் செங்கல்லும் சேருற இடத்துல விரிசல் திரும்பத் திரும்ப வந்தா, அங்கே கோழிவலை அடிச்சுப் பூசச் சொல்லுங்க.

தளர்ந்த பூச்சை முழுசா கொத்தி எடுத்த பிறகுதான் புதுசு. வெளிப்பூச்சுக்கு 1 பங்கு சிமென்ட்டுக்கு 4 முதல் 6 பங்கு மணல்னு கலக்குறது வழக்கம். சிமென்ட்டை அள்ளிப் போட்டா நல்லதுன்னு நினைக்காதீங்க, அதிகமானா காயும்போது சுருங்கி வெடிக்கும். பூசினதும் குறைஞ்சது 7 நாள் தண்ணி விடணும். பலரும் 2 நாள்ல நிறுத்திடுறாங்க. பூச்சு மாவா உதிர்றதுக்கு இது பெரிய காரணம். பெயின்ட்டுக்கு சுமார் 4 வாரம் பொறுங்க. சுண்ணாம்புச் சுவருன்னா வெள்ளையடிப்பு போதும். காத்துப் புகாத பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

பாசி பிடிச்சா நைலான் பிரஷ், சோப்புத் தண்ணி போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பம்பை சுவத்துப் பக்கம் கொண்டுபோகாதீங்க. விரிசலுக்குள்ள நீங்களே தண்ணி ஏத்துன மாதிரி ஆகிடும்.

எந்த மாசத்துல என்ன வேலை?

* ஜனவரி: மழை விட்டதும் செக்கப், போட்டோ.
* பிப்ரவரி, மார்ச்: பூச்சு ரிப்பேர். கத்திரி வெயில்ல பூசினா ஈரம் சீக்கிரம் காஞ்சு விரிசல் விழும்.
* ஏப்ரல் முதல் ஜூன் வரை: சுவர் நல்லா காஞ்சதும் பெயின்ட்.
* செப்டம்பர்: மாடித் தண்ணிக் குழாய்களில் அடைஞ்ச சருகை எடுக்கணும், போர்டு போல்ட்டுகளை இறுக்கணும்.

வாடகைக் கடைன்னா இன்னொரு விஷயம். வெளிச்சுவர் ரிப்பேர் யார் செலவு, போர்டுத் துளையை யார் அடைக்கணும்னு அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க. உள்ளே வரும்போதே முகப்பைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பின்னாடி சண்டை வராது.

இந்தத் தீபாவளிக்குப் பெயின்ட் பட்ஜெட் போட்டிருந்தா, அதுல ஒரு பகுதியை ஏசி டிரெயின் பைப்புக்கும் கைப்பிடிச் சுவர் சரிவுக்கும் ஒதுக்குங்க. அப்புறம் அடிக்கிற பெயின்ட் சுவத்துல நிக்கும், பூச்சும் தலையில விழாது!