மின்னேற்றக் கலப்புக் காரும் அரச மானியமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளை வாங்குவோனுக்கு அரசு உதவுவது வேறு; அப்பொருளால் விளையும் பொதுநன்மைக்கு உதவுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் சிக்கலுக்கு, ‘பிளக்-இன் ஹைபிரிட்’ எனப்படும் மின்னேற்றக் கலப்புக் காரின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

பெற்றோல் எஞ்சினையும் மின்மோட்டரையும் ஒரே வண்டியில் இணைக்கும் எண்ணம் புதியதன்று. பேர்டினண்ட் போர்ஷே 1900 ஆம் ஆண்டிலேயே அத்தகைய வண்டியொன்றை அமைத்தார். 1997 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் அவ்வெண்ணத்தைப் பெருவழக்காக்கியது. எனினும் அது மின்னைத் தன் எஞ்சினிலிருந்தும் தடுப்பின் போது மீளும் ஆற்றலிலிருந்துமே பெற்றது. வீட்டு மின்னிணைப்பிலேயே மின்னேற்றத்தக்க கலப்புக் காருக்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துப் பேராசிரியர் அன்ட்ரூ பிராங்க் நெடுங்காலம் உழைத்தார். 2010 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் செவ்ரலே வோல்ட் விற்பனைக்கு வந்தது.

இதனை ஆதரித்தோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாளாந்தப் பயணங்களிற் பெரும்பாலானவை குறுகியவை. அவற்றை மின்னே நிறைவேற்றும். நெடும்பயணத்துக்குப் பெற்றோல் துணைநிற்கும். பெரிய மின்கலவடுக்கின் செலவும், நடுவழியில் நின்றுவிடுவோமோ என்ற அச்சமும் இல்லை. இவ்வாதத்தை அரசுகள் ஏற்றன. அமெரிக்கா மின்கலவடுக்கின் கொள்ளளவுக்கேற்ப 7,500 டொலர் வரை வரிக்கழிவு வழங்கிற்று. பிரித்தானியா 2011 இல் 5,000 பவுண் வரை மானியம் அளித்தது. நெதர்லாந்திலோ, கிலோமீற்றருக்கு 50 கிராமுக்கு மேற்படாத காபனீரொட்சைட்டை வெளிவிடும் கம்பனிக் காரைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவோர், அச்சலுகைக்குரிய வருமான வரியை 2012, 2013 ஆம் ஆண்டுகளில் செலுத்த வேண்டியிருக்கவில்லை.

அந்த 50 கிராம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது. அக்கால ஐரோப்பியச் சோதனை முறை, மின் தீர்ந்தபின் 25 கிலோமீற்றர் ஓடியதும் சாரதி மீண்டும் மின்னேற்றுவார் எனக் கொண்டது. எனவே மின்னில் மட்டும் 50 கிலோமீற்றர் ஓடவல்ல கார், தன் ஓட்டத்தில் மூன்றில் இரு பங்கை மின்னிலேயே ஓடுவதாகக் கணக்கிடப்பட்டது. மனிதப் பழக்கம் பற்றிய ஓர் ஊகம் இவ்வாறு சட்டத்தின் அளவுகோலாயிற்று.

பழக்கமோ வேறாயிருந்தது. கம்பனிக் கார் பெற்றோர் பலருக்குப் பெற்றோற் செலவை முதலாளியே ஏற்றார். வீட்டு மின்கட்டணம் அவர்கள் தலையில் விழுந்தது. மின்னேற்றாது விடுவதே அவர்களுக்கு இலாபம். மின்னேற்றும் கம்பி உறைகூடப் பிரிக்கப்படாமற் கிடந்த கார்கள் பற்றி 2018 இல் பிரித்தானியாவிற் செய்திகள் வெளிவந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் இக்கார்களுக்கான மானியத்தை அந்நாடு நிறுத்திற்று. ஜேர்மனி 2022 இறுதியில் நிறுத்திற்று. 2021 இற் பதிவான கார்களின் தரவுகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணைக்குழு, இவ்வகைக் கார்கள் சோதனையிற் காட்டிய அளவிலும் சராசரியாக 3.5 மடங்கு காபனீரொட்சைட்டை வீதியில் வெளிவிட்டன என 2024 இல் அறிவித்தது.

இதனாற் காரே பயனற்றது என முடிவுகட்டுதல் தவறு. நாள்தோறும் மின்னேற்றுபவரிடத்தில் அது வாக்களித்ததை நிறைவேற்றவே செய்தது. பிழை மானியத்தின் அமைப்பில் இருந்தது. செய்யக்கூடிய ஆற்றலுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. செய்த செயலுக்கு அன்று. அமெரிக்க முறையும் மின்கலவடுக்கை அளந்ததேயன்றி, அதன் பயன்பாட்டை அளக்கவில்லை. அதே பணம் வீட்டு மின்னேற்று வசதிக்கோ, மின்னில் ஓடிய தூரத்துக்கோ வழங்கப்பட்டிருப்பின் விளைவு வேறாயிருந்திருக்கும்.

இம்மானியங்கள் புதுக் கார் வாங்கும் வசதி படைத்தோரையே சென்றடைந்தன. அவற்றின் சுமையிலோ பேருந்திற் செல்பவனுக்கும் பங்குண்டு. எனவே, பொதுப்பணத்தைப் பெறும் எப்புதுமையும், தன்னால் இயலுவதைக் கொண்டன்றி, தான் செய்து காட்டியதைக் கொண்டே மதிப்பிடப்படல் வேண்டும்.