மருந்து தொடங்கும் வேளை



ஒரு நோய்க்கு மருந்து காண்பது அரிய செயல். அம்மருந்தை எப்பொழுது தொடங்குவது என அறிவதும் அதற்குக் குறைந்த செயலன்று. எச்.ஐ.வி. நோயைப் பொறுத்தவரை, முதல் மருந்து வந்த பின்னும் அவ்வறிவு கிட்ட 28 ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எச்.ஐ.வி. கிருமி, நம் உடலைக் காக்கும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களை அழிக்கிறது. நலமுள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை என்பர். அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நோயாளி நலமாகவே தோன்றுவார். அத்தகையவருக்கு மருந்து வேண்டுமா என்பதே வினா.

1987-இல் அமெரிக்காவில் சிடோவுடின் என்னும் முதல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதனை முன்கூட்டியே கொடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்று 1994-இல் வெளியான கான்கார்டு ஆய்வு காட்டிற்று. தனியொரு மருந்தைக் கிருமி விரைவில் எதிர்த்து நிற்கப் பழகிவிடும். 1995-இல் டேவிட் ஹோ என்னும் அறிஞர், தொடக்கத்திலேயே வலுவாகத் தாக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டில் கூட்டு மருந்து சிகிச்சை பரவியது, இறப்புகள் குறைந்தன. ஆனால் அக்கால மருந்துகளின் பக்க விளைவுகள் கடுமையாயிருந்தன. எனவே மருத்துவர் பலர் காத்திருப்பதே நன்று எனக் கருதினர். உலகச் சுகாதார நிறுவனம் முதலில் 200 என்ற எல்லையை வகுத்தது. பின்னர் அது 350 ஆயிற்று. 2013-இல் 500 ஆயிற்று.

இரு சாராரிடமும் நியாயம் இருந்தது. ஆசிரியனாய் வாழ்ந்த எனக்கு இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது: இத்தகைய வழக்கைச் சொல்வன்மை தீர்க்காது, சோதனையே தீர்க்கும்.

9 நாடுகளில் 1,763 இணையர் பங்குகொண்ட ஆய்வொன்றில் நம் சென்னையும் புனேயும் இடம்பெற்றன. இணையருள் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தது. அவர் உடனே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைவதாக 2011-இல் தெரிந்தது. நோயாளிக்கே நன்மை உண்டா என்பதைக் காண, ஸ்டார்ட் என்னும் ஆய்வில் 35 நாடுகளில் 4,685 பேர் இரு பிரிவாயினர். அனைவருக்கும் அணுக்கள் 500-க்கு மேலிருந்தன. ஒரு பிரிவு உடனே தொடங்கியது. மற்றது 350 ஆகும்வரை காத்திருந்தது. கடும் நோயோ மரணமோ நேர்ந்தவர், முன்னதில் 42 பேர். பின்னதில் 96 பேர். 2015 மே மாதத்தில் காத்திருந்தோர்க்கும் மருந்து வழங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் எல்லைகளையெல்லாம் நீக்கிற்று. இந்தியா 2017-இல் அதனை ஏற்றது. மூளையுறையைத் தாக்கும் சில நோய்கள் உள்ளவர்க்கு மட்டும், அவற்றுக்கு முதலில் மருத்துவம் செய்து, சில வாரம் தாழ்த்தித் தொடங்குவர்.

அந்த 96 பேர் பட்ட துன்பத்தில் விளைந்த அறிவு இது. மருத்துவம் விடை கண்டுவிட்டது. எனினும் ஊரார் பழிக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே வாராதவருக்கு அவ்விடை எட்டுவதில்லை. அப்பழிச்சொல்லை ஒழிக்கும் கடமை, நண்பர்களே, உங்கள் தலைமுறைக்கு உரியது.